சுடாத நெற்றி

போன மாதம் பசறையில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கும் நம் வயதுக்காரர் ஒருவருக்கும் சண்டை வந்துவிட்டது. சண்டை என்றால் அடிதடி இல்லை. இரண்டு பேருக்கும் முட்டி வலி, எழுந்து நிற்கவே ஆள் வேண்டும். "அந்தக் காலத்துல நமக்கெல்லாம் என்ன ஊசி போட்டாங்க, எந்த டொக்டரு வந்து பாத்தாரு? கெழங்கத் தின்னுட்டு நல்லாத்தானே வளந்தோம்?" என்றார் அவர். பந்தியில் இருந்த நரைத்த தலைகள் எல்லாம் ஆமாம் என்று ஆடின. நான் பாயாசத்தைக் கீழே வைத்தேன். "வளந்தவங்க மட்டுந்தான் இங்க உக்காந்து பாயாசம் குடிக்கிறோம். வளராதவங்கள யாரு கூப்பிட்டா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பேன் போல. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருக்கு அன்றைக்குச் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தாய் கொழுந்துக்குப் போகும்போது விட்டுப்போன பிள்ளைக்காம்பராத் தொட்டிலில் கிடந்து, எப்படியோ தப்பி இந்த வயது வரைக்கும் வந்துவிட்ட உங்களுக்குத்தான் இது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நாற்பத்தேழு நாள் இருந்தான். பெயர் வைப்பதற்குள் போய்விட்டான். அவனைப் பற்றி இந்த வருஷம் வரைக்கும் நான் யாரிடமும் பேசியதில்லை. பேசாததற்குக் காரணம் துக்கம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். துக்கம் இல்லை, பயம். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டே கொழுந்து பறித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், பிள்ளை பெற்றேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தங்கச்சிக்கு நாலு. பசறையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், திரும்ப இடமில்லாமல் பஸ் பின்பக்கமாகவே இறங்கும் அந்தக் கடைசி வளைவுக்கு அப்பால் எங்கள் தோட்டத்து டிவிஷன். கடையில் மாவு இல்லாத, அரிசி கண்ணில் படாத காலம். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு, அது இல்லாவிட்டால் பலாக்கொட்டை, அதுவும் இல்லாவிட்டால் மலையில் முளைத்த கீரை. அம்மா தம்பியைச் சுமந்தது இந்தச் சாப்பாட்டில்தான். அவள் தட்டில் இருந்த கிழங்கிலும் பாதியை நானும் தங்கச்சியும் வாங்கித் தின்றோம். பசித்தது, தந்தாள், தின்றோம். வயிற்றில் இருந்த ஒருத்தனுடைய பங்கு அது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தின்றிருப்போம்.

ஐப்பசி மழை பிடித்த வாரம், எட்டாம் மாதத்திலேயே அவன் வந்துவிட்டான். எங்கள் காம்பராவிலேயேதான் பிறந்தான். கொழுந்து நிறுக்கும் தராசில் போட்டால் முள் அசையாது என்று கங்காணி கேலி செய்தார். எங்களுடனேயே இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, "பூனக்குட்டி மாதிரி இருக்கான், பொழச்சுக் கெடந்தா பாப்போம்" என்றாள். அத்தைக்கு நாக்கில் ஈரம் கிடையாது. ஆனால் அவனுக்கு எண்ணெய் தேய்த்து, கால் நீவி, பழைய வேட்டியில் சுற்றிச் சுற்றி வைத்ததும் அவள்தான்.

அந்தக் காம்பராவை இப்போது நினைத்தால் மூச்சு முட்டுகிறது. ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு. புகை போகக் கூரையில் ஓர் ஓட்டை. மழை பெய்தால் அதையும் சாக்கால் அடைத்துவிடுவோம். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் எங்களுக்கு விறகு. மிலாறு என்போமே, அது ஈரமாக இருந்தால் எரிவதை விடப் புகைவதுதான் அதிகம். அம்மா, அப்பா, அத்தை, நான், தங்கச்சி, இப்போது தம்பி. தங்கச்சிக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. எனக்கு இரண்டு கையிலும் சிரங்கு. சீழும் பக்குமாக இருந்த அந்தக் கையால்தான் அவனைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். என்னிடம்தான் அவன் சீக்கிரம் தூங்குவான் என்று அதில் எனக்குப் பெருமை வேறு.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்த மறுநாளே அம்மா வேலைக்கு இறங்கினாள். காலையில் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. விடியும்போதே தம்பியைக் கம்பளியில் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஒரு தடவை இறங்கி வருவாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து, கை முழுக்கத் தேயிலைச் சாயத்தோடு, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து அவனை எடுப்பாள்.

பிள்ளைக்காம்பரா ஆயாவை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வெற்றிலை வாய், கனத்த குரல், இரண்டு கைக்கு இருபத்தைந்து பிள்ளை. எல்லா மூக்கையும் அவள் ஒரே துணியால்தான் துடைத்தாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளிடம் இருந்தது அந்த ஒரு துணிதான். இருபத்தைந்து பிள்ளைகளைச் சமாளிக்க அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கத்துகிற பிள்ளைகளின் சேலைத் தொட்டில்களை வாசல் பக்கம் கட்டுவாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றை இழுத்து ஆட்டலாம். அமைதியான பிள்ளைகளை உள் சுவர் ஓரம், இருட்டுப் பக்கம் கட்டுவாள். அங்கே போவது பிள்ளைக்கு ஒரு மரியாதை மாதிரி. "எம் பிள்ள உள் தொட்டிலுக்குப் போயிட்டான்" என்று தாய்மார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

தம்பி ஊரைக் கூட்டும் ரகம். உடம்பு பூனைக்குட்டி, குரல் மட்டும் ஆண்பிள்ளைக் குரல். அவனை ஆட்டுவதற்கென்றே என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். இரண்டு வாரம் வாசல் பக்கத் தொட்டிலடியில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். கை சிரங்கில் கயிறு உரசி எரியும். எதிரே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போவார்கள். அவனை நான் சபித்திருக்கிறேன். சின்னச் சாபம்தான், "செத்த நேரம் வாய மூடேன்டா சனியனே" என்று.

ஒரு திங்கட்கிழமை அவன் வாயை மூடிக்கொண்டான்.

காலையில் கொண்டுபோய்ப் போட்டதிலிருந்து சத்தம் இல்லை. கண்ணைப் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆயா எட்டிப் பார்த்து, "அட, என் ராசாவுக்குப் புத்தி வந்துருச்சே! சமத்துப் புள்ள" என்று கன்னத்தைத் தட்டினாள். மத்தியானம் அவனுடைய தொட்டிலை அவிழ்த்து உள் சுவர் ஓரம் கட்டிவிட்டாள். "நீ நாளைக்கிப் பள்ளிக்கூடம் போடி. இனி இவன் தொந்தரவு பண்ண மாட்டான்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்குக் குதித்துக் குதித்துத்தான் போனேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். அம்மா வேலை நேரத்தில் அங்கே இருந்தாள். ரவிக்கை முழுக்கப் பால் நனைந்திருந்தது. "நேத்துலருந்து சரியாக் குடிக்கல. வாயில வச்சா ரெண்டு இழுப்பு இழுக்குறான், விட்டுர்றான்" என்று ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆயா புறங்கையை அவன் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அத்தையும் காலையில் அப்படித்தான் பார்த்திருந்தாள். நம் ஆட்கள் எல்லோருக்கும் அதுதானே வைத்தியம்? நெற்றி சுட்டால் நோய், சுடாவிட்டால் ஒன்றும் இல்லை.

"சுடலையே தாயி. பச்சத் தண்ணியா இருக்கு நெத்தி. ஒரு கொறையும் இல்ல" என்றாள் ஆயா.

அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். நான் குடை பிடித்தேன். அங்கே மருந்து கொடுக்கிறவரை நாங்கள் டொக்டர் ஐயா என்போம். டொக்டருக்குப் படித்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியானவர், வெள்ளைச் சட்டையில் ஒரு கறை பார்க்க முடியாது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஒரு சின்ன வெள்ளி நிறக் கூட்டுக்குள் வைத்திருப்பார். அதை அவர் உருவி உதறும் அழகுக்காகவே நான் அங்கே போக ஆசைப்படுவேன்.

"என்ன பிள்ளைக்கு?"

"பால் குடிக்க மாட்டேங்கிறான்ங்க ஐயா. அழவும் மாட்டேங்கிறான்."

அவர் குழாயை அவன் அக்குளில் வைத்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி உதறி, மறுபடி வைத்து, மறுபடி பார்த்தார். "காய்ச்சல் ஒண்டும் இல்லையே. குறைவாத்தான் காட்டுது" என்றார். "மூக்கடைச்சிருந்தால் பிள்ளை குடிக்காது. ரெண்டு நாள் பாருங்கோ. காய்ச்சல் எண்டால் உடன கொண்டு வாங்கோ, துண்டு தாறன்."

இந்தத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருவரை அனுப்ப டொக்டர் ஐயா கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டு அது. துண்டு இருந்தால்தான் தோட்டத்து லொறியில் ஏற்றுவார்கள். காய்ச்சல், ரத்தப்போக்கு, பிரசவம், வெட்டுக்காயம். இவற்றுக்கு மட்டும்தான் துண்டு என்பது தோட்டத்துத் துரை போட்ட சட்டம். அந்த வாரம் மேல் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கீழ் ரோட்டால் போய்வந்துகொண்டிருந்த அந்த ஒரு லொறிதான், நடையை விட்டால், எங்களுக்கும் வெளி உலகத்துக்கும் இருந்த வழி.

"சரிங்க ஐயா" என்றாள் அம்மா. திரும்பி வரும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. வழியில் கண்டவர்களிடம் எல்லாம் "காச்ச இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். காய்ச்சல் இல்லை என்று கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் அம்மா அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நானும் தொட்டேன். கால் சில்லென்று இருந்தது. கை சில்லென்று இருந்தது. வயிறு கூடச் சில்லென்று இருந்தது. முகம் அடுப்புச் சாம்பல் நிறம். அப்பா பெரட்டுக்குப் போய்விட்டார். அத்தை பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தாள்.

"காச்ச வந்தாத்தானே துண்டு தருவாரு. இவனுக்குக் காச்ச வர மாட்டேங்குதே" என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று ஒரு தாய் வேண்டி நின்றதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட வேண்டுமென்றால் அடுப்புக்குப் பக்கத்தில் நெற்றியைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு போய் அம்மாவிடம் காய்ச்சல் என்பாள். எனக்கு அது நினைவுக்கு வந்தது.

"அம்மா, அடுப்புக்கிட்ட வச்சா ஒடம்பு சுடும்ல? சுட்டா ஐயா துண்டு குடுப்பாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் ரவிக்கையை அவிழ்த்தாள். தம்பியின் துணியை உருவிவிட்டு, வெறும் உடம்பாக அவனைத் தன் நெஞ்சோடு ஒட்டிப் போட்டாள். இரண்டு பேரையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "நெருப்பப் பெருசாக்குடி" என்றாள். நான் மிலாறை உடைத்து உடைத்துப் போட்டேன். ஊதி ஊதிக் கண் எரிந்தது. அம்மாவின் முகத்திலும் கழுத்திலும் வேர்வை வழிந்தது. அவள் அசையவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வைத்திருந்த விறகுக்கட்டு பாதி எரிந்துவிட்டது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்து தேடினான். அவள் கொடுத்தாள். ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று, நாலு.

"குடிக்கிறான்டி! ஏ புள்ள, குடிக்கிறான்டி!" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அத்தை குடத்தோடு உள்ளே வந்தாள். எரிகிற நெருப்பையும் அதற்கு முன்னால் இருந்த எங்களையும் பார்த்தாள். "இது என்ன கூத்து?" என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களுக்கு நேரம் இல்லை.

டிஸ்பென்சரிக்கு ஓடினோம். டொக்டர் ஐயா குழாயை வைத்துப் பார்த்தார். "ஓம், இண்டைக்குக் கொஞ்சம் கூடவாத்தான் இருக்கு" என்று துண்டு எழுதினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஒன்பது வயதில் ஒரு சட்டத்தையே ஏமாற்றிவிட்டேன் அல்லவா!

கொழுந்தை நிறுத்து ஏற்றிய பிறகுதான் லொறி கிளம்பும். பதினொரு மணி வரைக்கும் டிஸ்பென்சரித் திண்ணையில் மழைச் சாரலில் உட்கார்ந்திருந்தோம். செய்தி கேட்டு மலையிலிருந்து அப்பா வந்துவிட்டார். அம்மா கம்பளியை இறுக்கி இறுக்கிப் போர்த்தினாள். லொறியில் ஏறும்போது அவன் காலைத் தொட்டேன். திரும்பவும் சில்லிட்டிருந்தது. சொன்னால் துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்து நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டேன். தம்பி திரும்பி வரும்போது காம்பரா சூடாக இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. புதன் முழுக்க எரித்தேன். வியாழன் காலையிலும் எரித்தேன். ஒரு வாரத்து விறகு தீர்ந்துபோய், அத்தை என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்போதும் பக்கத்துக் காம்பராவில் இரண்டு கை மிலாறு கடன் கேட்டு வாங்கிவந்து போட்டேன்.

வியாழன் பின்னேரம் அம்மாவும் அப்பாவும் நடந்து வந்தார்கள். கம்பளிச் சுருணை அம்மாவின் தோளில் இருந்தது. நான் ஓடிப்போய், "தூங்குறானாம்மா?" என்று கேட்டேன். அம்மா என்னைத் தாண்டிப் போனாள். அப்பாதான் சொன்னார். "ரத்தம் முழுக்கக் கிருமியாம். அவங்களும் என்னென்னமோ செஞ்சு பாத்தாங்க. வெடியக்காலம் முடிஞ்சு போச்சு."

அவர்கள் வந்த கதையை அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது. இறந்த பிள்ளை என்று தெரிந்தால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் பதுளையில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சேலையால் மூடி, பால் கொடுப்பது மாதிரியே பசறை வரைக்கும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் எட்டிப் பார்த்து, "ஹொந்த பபா" என்றாளாம். இத்தனை வளைவிலும் அழவே இல்லையே, எவ்வளவு நல்ல பிள்ளை என்று மெச்சினாளாம். அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாளாம்.

அன்றைக்குச் சாவு கேட்க லயமே கூடியிருந்தது. அத்தை ஒப்பாரிக்கு நடுவில் திடீரென்று நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "நேத்து அடுப்படியில வச்சு வாட்டுனாளே, நான் கண்ணால பாத்தேன். பச்ச மண்ணு தாங்குமா அது? உள்ளுக்குள்ள வெந்து போயிருக்கும்."

நான் கதவோரம் நின்றேன். 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்து நின்றது. அம்மா தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"ஆமா. நாந்தான் வச்சேன். என் புத்திதான் கெட்டுப்போச்சு. நாந்தான் எம் புள்ளையக் கொன்னுட்டேன்" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் டொக்டர் ஐயா குடை பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்திருந்தது. கையில் ஒரு பெரிய புத்தகம். "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?" என்று கேட்டார். "இன்னும் வைக்கலைங்க" என்றார் அப்பா. அவர் 'ஆண் குழந்தை' என்று எழுதிக்கொண்டார். எழுதிய பிறகும் போகவில்லை. என்னவோ கேட்க வந்தவர் மாதிரி அம்மாவைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துச் சிரங்கைப் பார்த்தார். "இதுக்கு மருந்து பூசுறேல்லையே? டிஸ்பென்சரிக்கு வா" என்றார். போனேன். ஊதா நிற மருந்து பூசிவிட்டார். அந்த வாரம் அவர் பிள்ளைக்காம்பராவுக்குப் போய் இருபத்து நாலு பிள்ளைக்கும் அக்குளில் குழாய் வைத்துப் பார்த்ததாக ஆயா சொன்னாள். உள் சுவர் ஓரத்தில் அதற்குப் பிறகு அவள் தொட்டில் கட்டவே இல்லை.

அதன் பிறகு அம்மா அடுப்படியில் குளிர்காய்ந்து நான் பார்த்ததில்லை. நம் பக்கத்துத் தைப் பனி உங்களுக்குத் தெரியும், விரல் மடங்காது. ஊரே அடுப்பைச் சுற்றிக் குந்தியிருக்கும். அம்மா சமையலை முடித்ததும் எழுந்து வாசற்படிக்குப் போய்விடுவாள். காற்று நேரே வந்து அடிக்கும் இடம். "இங்க வந்து உக்காரேன்மா" என்றால், "எனக்கு வேக்காடா இருக்குடி" என்பாள். "அம்மாவுக்கு மட்டும் வருஷம் பூரா வெயில் காலந்தான்" என்று தங்கச்சி கிண்டல் செய்வாள். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

அத்தை போனாள், அப்பா போனார். அம்மா போய் இப்போது மூன்று வருஷம் ஆகிறது. கடைசி வாரம் அவள் கால் சில்லிட்டுப் போனது. "வெந்நி போத்தல் வைக்கவாம்மா?" என்று கேட்டேன். "சூடு வேணாம்டி" என்றாள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம்.

இந்த வருஷம் தங்கச்சி மகளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பதுளையில் பிறந்து, ஊசி எல்லாம் போட்டு, கொழுகொழுவென்று வந்து சேர்ந்தது. பத்தாம் நாள் மிட்வைஃப் மிஸ் வந்தார். மிஸ் என்றால் இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண், நம் தோட்டத்துப் பிள்ளைதான், பக்கத்து டிவிஷன். ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். மாசம் நெறஞ்சு பொறந்ததா? எத்தனை கிலோ? தாய்ப்பால் மட்டுந்தானா? வீட்டுல எத்தனை பேர்? யாருக்காவது சளி, இருமல், சொறி சிரங்கு? அடுப்பு வெறகா, கேஸா?

தங்கச்சி மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நான் மூலையில் உட்கார்ந்து அதே கேள்விகளுக்கு வேறு ஒரு பிள்ளைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மாசம். பூனைக்குட்டி. பத்து மணிக்கு ஒரு தடவை. அவனோட ஆறு பேர். தங்கச்சிக்குச் சளி. எனக்குச் சிரங்கு. வெறகு, மிஸ், ஈர வெறகு.

"நெத்தியத் தொட்டுக் காச்ச இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றாள் மிஸ். "இந்த வயசுப் பிள்ளைக்குக் கிருமி ஏறினா சில நேரம் காச்சலே வராது. ஒடம்பு குளுந்து போகும். அழாது, பால் இழுக்காது, தொவண்டு கெடக்கும். சமத்தா இருக்குன்னு நெனச்சிராதீங்க. உடனே ஆஸ்பத்திரி."

என் பிள்ளைகள் பிறந்தபோதும் மிட்வைஃப் வந்தார்கள். எத்தனையோ வருஷம், எத்தனையோ பேர் இந்த வாசலுக்கு வந்து போனார்கள். ஒருத்தரிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால், ஆமாம், அந்த நெருப்புதான் கொன்றது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மிஸ், குளுந்து போன புள்ளைய அம்மா நெஞ்சில போட்டுக்கிட்டு நெருப்புக்கிட்ட உக்காந்தா... அந்தச் சூட்டுல புள்ள செத்துருமா?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொன்னா அப்படி? அதத்தானே நாங்க இப்பச் சொல்லிக் குடுக்குறோம். பொக ஆகாது, அது வேற விசயம். ஆனா குளுந்த பிள்ளைய வெறும் நெஞ்சோட ஒட்டிப் போட்டு, மூடி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். அந்த அம்மா செஞ்சதுதான் சரி." பிறகு, "யாரு பாட்டி அது?" என்றாள்.

"எங்கம்மா" என்றேன். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டில், துண்டு, மிலாறு, நாலு இழுப்பு, அத்தை சொன்னது, அம்மா என்னைப் பார்த்தது. அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் சரியாக நடந்தது ஒன்றே ஒன்றுதான் என்றும், அதைத்தான் தன் பாவம் என்று அம்மா சாகும் வரைக்கும் சுமந்தாள் என்றும் சொல்லும்போது எனக்கே என் குரல் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்திருக்குமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "முந்தின நாளே போயிருந்தா..." என்று தொடங்கி அவள் நிறுத்திக்கொண்டாள்.

மிஸ் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பிய பிறகு தங்கச்சி கேட்டாள்.

"அம்மா இருக்கும்போது இத ஒரு தடவ யாருகிட்டயாவது கேட்டிருக்கலாமே அக்கா."

கேட்டிருக்கலாம். எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே உட்கார முடியவில்லை. வாசற்படிக்கு வந்து, காற்று அடிக்கும் பக்கம், அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். நல்ல குளிர்.